‘எல்லாம் நிஜம் சார்!’ என்று இயக்குநரிடம் சொன்ன டி.ஜே.வுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

சென்னையிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஹோட்டலும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

வயது 34. நட்சத்திர ஹோட்டல்களுக்குள் இருக்கும் நைட் கிளப்களில் 11 வருடமாக வேலை. கிளாஸ் எடுக்கும் பையனாகச் சேர்ந்து, பார்டெண்டராகி, இப்போது டி.ஜே. பார் ஆர்டர் சீட்டுகளின் பின்பக்கத்தில் கிறுக்கி வைத்த குறிப்புகளை வைத்து, விடியற்காலையில் வீடு திரும்பிய பிறகு உட்கார்ந்து எழுதிய நாவல் 300 பக்கத்தைத் தாண்டிவிட்டது. கிளப்புக்கு வழக்கமாக வரும் ஓர் இயக்குநர் ஒரு நாள் பேச்சுக் கொடுத்துக் கதையைக் கேட்டிருக்கிறார். அப்புறம் சாலிகிராமத்தில் ஓர் அலுவலகத்தில் நான்கு மாதம் கதை விவாதம் நடந்தது. வாட்ஸ்அப்பில் இவர் 12 பக்கச் சுருக்கம் அனுப்பினார். ஒரு கவரில் ரூ.50,000 வந்தது. ரசீதும் இல்லை, காகிதமும் இல்லை.

இப்போது முத்திரைத்தாளில் இரண்டு பக்க ஒப்பந்தத்தை நீட்டி, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். டைட்டிலில் ‘கதை விவாதம்’ என்ற பட்டியலில் பத்தோடு பதினொன்றாகப் பெயர் வருமாம். இன்னொரு பக்கம் ஒரு பதிப்பாளர் நாவலைப் போடத் தயார். படம் வரும்வரை அச்சிடக் கூடாது என்கிறது இயக்குநர் தரப்பு. இதற்கிடையில் பழைய கிளப் முதலாளி ஒருவர், “என்னைப் பத்தி ஒரு வரி வந்தாலும் பார்த்துக்கிறேன்” என்று போனில் மிரட்டியிருக்கிறார். நாவலின் முக்கியப் பாத்திரம், இவரோடு வேலை பார்த்த ஒரு பாடகி. ஹோட்டல் வேலை ஒப்பந்தத்தில் ரகசியக் காப்புப் பிரிவு வேறு இருக்கிறது. புனைபெயரில் எழுதினால் தப்பிக்கலாமா, வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாமா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

நண்பரே, உங்களுக்குப் பயம் முதலாளி மேல். எனக்குக் கவலை உங்கள் போன் மேல். இயக்குநருக்கு நீங்கள் அனுப்பிய செய்தியை நீங்களே எடுத்து எழுதியிருக்கிறீர்கள்: “எல்லாம் நிஜம் சார், ஒரு சீன்கூடக் கற்பனை இல்லை.” பதிப்பாளருக்கு அனுப்பியது: “முழுக்கக் கற்பனைதான் சார், பயப்பட வேண்டாம்.” எதிர்த்தரப்பு வழக்கறிஞராக நான் இருந்தால் இந்த இரண்டையும் பிரிண்ட் எடுத்து நீதிபதி முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன், வேறு எதுவும் பேச வேண்டியிருக்காது. நிஜம் என்றால் கதைக்கு மதிப்புக் கூடும், கற்பனை என்றால் ஆபத்துக் குறையும் என்று நினைத்துச் சொல்லிவிட்டீர்கள். இனி ஒரே வாக்கியத்தைத்தான் எல்லாரிடமும் சொல்ல வேண்டும். “நான் வேலை பார்த்த உலகத்தைப் பின்னணியாக வைத்து எழுதிய புனைவு” என்பது போதும். அது உண்மையாக இருக்கும்படி நாவலையும் திருத்த வேண்டும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

ஐம்பதாயிரம் வாங்கியதால் கதை கைமாறிவிட்டதா?

இல்லை. இதில் நீங்கள் தேவையில்லாமல் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு, உரிமையைக் கைமாற்றுவது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து இருக்க வேண்டும் என்கிறது. கவரில் வந்த பணமும், ஆபீஸில் குடித்த டீயும், “நம்ம படம் தம்பி” என்ற வார்த்தையும் உரிமை மாற்றம் ஆகாது. பணம் வாங்கியது உண்மை என்பதால் அதை மறைக்காதீர்கள். ஒப்பந்தம் போட்டால் முன்பணத்தில் கழியும்; போடாவிட்டால் அவர்கள் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் வங்கி வழியாகக் கொடுங்கள்.

ஆனால் எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் உங்களிடம் இருக்கிறது. “நைட் கிளப்பை வைத்து அவர் இனி படமே எடுக்க முடியாது இல்லையா?” என்கிறீர்கள். தாராளமாக எடுக்கலாம். ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: கருவுக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அதை எழுத்தில் வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. ஒரு டி.ஜே. கண்ணில் தெரியும் இரவுச் சென்னை என்பது கரு. அந்த டி.ஜே. எந்தப் பாட்டை நடுவில் நிறுத்துகிறான், அதனால் எந்த மேஜையில் சண்டை வருகிறது, அந்தச் சண்டையில் யார் வேலை போகிறது என்று அடுத்தடுத்து நீங்கள் கோத்திருக்கும் நிகழ்ச்சி வரிசை, பாத்திரங்கள், வசனம், இவைதான் உங்கள் சொத்து. 12 பக்கச் சுருக்கத்தில் இது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே உங்கள் வழக்கின் பலம்.

நாவலை உங்கள் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்கள். பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள். சட்டத்தில் இதற்கென்று எந்தத் தனி மதிப்பும் இல்லை. பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் டெல்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்தால், அந்தப் பதிவேடே நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்று. இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் ரூ.500. ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், அச்சாகாத நாவலையும் பதியலாம். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. திரைக்கதையைத் தனியாகத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலும் பதிந்துவிடுங்கள். 2018 தீபாவளிக்கு வந்த ஒரு பெரிய நடிகரின் படம் நினைவிருக்கும். சங்கத்தில் பல வருடம் முன்பே கதையைப் பதிந்து வைத்திருந்த உதவி இயக்குநர் ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். படம் வெளியாகும் முன்பே சமரசமாகி, அவருக்குத் திரையில் அங்கீகாரம் கிடைத்தது. அந்தப் பழைய பதிவு இல்லாவிட்டால் அவர் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்?

அப்புறம், உங்கள் ஆர்டர் சீட்டுகள். எனக்கு மிகவும் பிடித்தது கடிதத்தில் அந்தப் பகுதிதான். முன்பக்கம் தேதி, நேரம், மேஜை எண், இரண்டு லார்ஜ், ஒரு மசாலா வேர்க்கடலை. பின்பக்கம் உங்கள் பேனா. சீட்டில் இருக்கும் தேதியில்தான் எழுதினீர்கள் என்று அது தானாக நிரூபித்துவிடாது, மறுநாளும் எழுதியிருக்கலாம் என்பார்கள். ஆனாலும் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது ஒரு வரிசை தெரியும், அதற்கு மதிப்பு உண்டு. ஒரே சிக்கல், பில் மெஷின் தாள் சூட்டில் எழுத்துப் பதியும் தெர்மல் தாள். பீரோவில் வைத்தாலும் தேதி மங்கிக்கொண்டேதான் போகும். இந்த வாரமே இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். விருந்தினர் பெயரோ அறை எண்ணோ இருக்கும் சீட்டைத் தனியே எடுத்து வையுங்கள், அதை யாருக்கும் காட்ட வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடலையும் எடுத்து வையுங்கள், போனை மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சான்றுக்கு, முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி என்று சொன்னோமே, அந்தச் சான்றிதழ் இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-வது பிரிவில் இருக்கிறது. அசல் கருவி கையில் இருந்தால் வேலை சுலபம்.

இன்னொன்று கேட்க வேண்டியிருக்கிறது. நான்கு மாத விவாதத்தில் இயக்குநரும் அவர் உதவியாளர்களும் சொன்ன எதையாவது பிறகு நாவலில் சேர்த்தீர்களா? கடைசி அத்தியாயத்தை “இப்போதுதான் மாற்றினேன்” என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன். அந்த முடிவு அவர்கள் மேஜையில் பிறந்தது என்றால் எடுத்துவிடுங்கள். கூட்டு ஆசிரியர் என்று அவர்கள் வந்து நிற்க நீங்களே வாசல் திறந்துவிடக் கூடாது. பழைய முடிவுக்கே திரும்புங்கள். விவாதத்துக்கு முந்தைய பிரதி ஒன்றை அப்படியே தனியாக வையுங்கள்.

அந்த இரண்டு பக்கம்

ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். ஒவ்வொரு பத்தியாகப் போகாமல் எது கடிக்குமோ அதை மட்டும் சொல்கிறேன்.

முதல் பத்தி, “கதையின் மீதான அனைத்து உரிமைகளும், உலகம் முழுவதும், எல்லா மொழிகளிலும், நிரந்தரமாக” என்கிறது. ‘கதை’ என்பதற்கு விளக்கமே இல்லை. இதில் கையெழுத்துப் போட்டால் படம் எடுக்கும் உரிமையோடு சேர்த்து, நாவலாக அச்சிடும் உரிமையும் போய்விட்டது என்று வாதாட முடியும். நாளைக்கு உங்கள் நாவலை அச்சிட அவர்களிடம் நீங்கள் அனுமதி வாங்க வேண்டி வரும். கொடுப்பது திரைப்பட உரிமை மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். நாவல், மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், நாடகம் எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். தொடராக எடுப்பதற்குத் தனிப் பணம், தனி ஒப்பந்தம்.

மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு வரி: “பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது.” ஏதோ வழக்கமான சட்ட வரி என்று தாண்டிப் போயிருப்பீர்கள். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது எழுதியவருக்கே திரும்பும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, என்பதுதான் 19(4). அந்தப் பாதுகாப்பைத்தான் இந்த ஒரு வரி கழற்றுகிறது. கோடம்பாக்கத்தில் கதைகள் திருடுபோவதைவிட டிராயரில் கிடந்து வீணாவதுதான் அதிகம். ஒரு வருடம் பத்தாது என்று அவர்கள் சொன்னால் அதில் நியாயம் உண்டு, நடிகர் தேதி, பைனான்ஸ் எல்லாம் அமைய வேண்டும். 24 மாதத்துக்குள் படப்பிடிப்புத் தொடங்காவிட்டால் உரிமை எனக்கே திரும்பும், வாங்கிய முன்பணம் எனக்கே என்று கேளுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்ற சொற்களை அவர்கள் மறக்காமல் போட்டதற்குக் காரணம் அதுதான்.

ஐந்தாவது பத்தியைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இக்கதை எழுத்தாளரின் சொந்தக் கற்பனை. உயிருடன் உள்ள எவரையும் குறிப்பதல்ல. இது தொடர்பாக எழும் எந்த வழக்குக்கும் நஷ்டத்துக்கும் எழுத்தாளரே முழுப் பொறுப்பு.” அதாவது உங்கள் பழைய முதலாளி படத்துக்குத் தடை வாங்கினால், தயாரிப்பாளரின் நஷ்டத்தை நீங்கள் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். எல்லாம் நிஜம் என்று உங்களிடமே கேட்டு ரசித்துவிட்டு, கற்பனை என்று உங்களிடமே எழுதி வாங்குகிறார்கள்! இந்தப் பத்தி அப்படியே இருந்தால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் கையெழுத்துப் போட வேண்டாம். ‘இன்னொருவர் எழுத்திலிருந்து எடுக்கவில்லை’ என்ற உறுதி மட்டும் கொடுங்கள். அதற்கு மேல் பொறுப்பு ஏற்க வேண்டி வந்தால், நீங்கள் வாங்கிய தொகையைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போடுங்கள். அவர்கள் சேர்க்கும் காட்சிகளுக்கு அவர்களே பொறுப்பு என்றும் எழுதச் சொல்லுங்கள்.

டைட்டில் கார்டு விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். ‘கதை விவாதம்’ என்பது கூட உட்கார்ந்து பேசியவர்களுக்குப் போடும் கார்டு. உங்களுக்கு உரியது ‘கதை’ அல்லது ‘மூலக்கதை’; திரைக்கதையின் வரைவும் உங்களுடையது என்றால் ‘திரைக்கதை’யில் பங்கு. உரிமையை முழுக்க விற்றாலும், படைத்தவர் நான் என்று சொல்லும் உரிமையை 57-வது பிரிவு உங்களிடமே விட்டுவைக்கிறது. இருந்தாலும் எந்தச் சொல், எந்த இடம், தனிக் கார்டா கூட்டுக் கார்டா என்பதை இப்போதே எழுதி வாங்கிவிட்டால் பின்னால் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. 2012 திருத்தம், திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் எழுதியவரின் சமபங்கை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது என்றும் சொல்கிறது. கையில் வந்து சேர்வது வேறு கதை, ஆனால் ‘விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற வரியில் நீங்கள் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

நாவலை முதலில் வெளியிட்டால் படம் கெட்டுவிடும் என்கிறார்களே, அது அவர்கள் வசதிக்குச் சொல்வது. அச்சான புத்தகத்தைவிடத் தெளிவான தேதிச் சான்று எதுவும் இல்லை. படத்தின் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பது மட்டும் நியாயமான கவலை. ஆறு மாதம் தள்ளிப்போட ஒப்புக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பெயரை மாற்றினால் போதுமா?

முதலாளியின் பெயரை மாற்றிவிட்டேன், ‘யாவும் கற்பனையே’ என்றும் போடுவேன் என்கிறீர்கள். அந்த வரி நல்லெண்ணத்துக்கு ஒரு சின்னச் சாட்சி, கேடயம் இல்லை. பெயர் என்ன என்பது ஒரு பொருட்டே இல்லை. தெரிந்தவர்கள் படித்தால் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் அவருக்குச் சுண்டுவிரல் இல்லை, வெள்ளைக் கார், பாலத்தை ஒட்டிய ஹோட்டல், இரண்டு குடும்பம். அங்கே வேலை பார்த்த யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள், மூன்றாம் பக்கத்தில் சிரித்துவிடுவார்.

உண்மையைத்தானே எழுதுகிறேன் என்கிறீர்கள். நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் உண்மை முழுத் தற்காப்பு. குற்ற வழக்கில், அதாவது இப்போது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில், உண்மையாக இருப்பதோடு பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். தண்டனை 2 வருடம் வரை போகலாம். அதைவிட, உண்மை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். அவர் வரி ஏய்த்ததை நீங்கள் பார்த்தது உண்மையாகவே இருக்கட்டும். கூட வேலை பார்த்தவர்கள் யாராவது சாட்சி சொல்ல வருவார்களா?

எனவே ஆளைக் கலைத்துவிடுங்கள். பெயரோடு நிற்காமல் வயது, ஊர், தொழில், குடும்பம், கார் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இரண்டு முதலாளிகளை ஒன்றாக்குங்கள், ஒருவரின் கஞ்சத்தனத்தை இன்னொருவரின் பாசத்தோடு சேர்த்துப் பாருங்கள். சுண்டுவிரல் கதைக்குத் தேவையா? இல்லை, பார்த்ததால் எழுதிவிட்டீர்கள். அந்த அத்தியாயத்தில் அவர் சரியாக உயிர்பெறாததற்குக்கூட, நகல் எடுப்பதில் உங்களுக்கு இருந்த அக்கறைதான் காரணம் என்று ஒரு வாசகியாக எனக்குத் தோன்றியது. மிரட்டல் போனைப் பற்றி: தேதி, நேரம் குறித்து வையுங்கள், திரும்பக் கூப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். நாவலே வராத நிலையில் அவர் செய்யக்கூடியது குறைவு.

நாவலில் லஞ்சக் கவர் வாங்கும் இன்ஸ்பெக்டர் காட்சிக்கு நீங்கள் பயப்படும் அளவுக்குப் பயப்பட வேண்டாம். 1994-இல் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில், அரசு ஊழியர்கள் தங்கள் பதவிப் பணி சார்ந்த செயல்களைத் தனியுரிமை என்று சொல்லி மறைத்துக்கொள்ள முடியாது என்றும், தங்கள் மானம் போகும் என்பதற்காக வெளிவருமுன்பே தடுக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. காவல் நிலையத்தின் பெயரும் வருடமும் மட்டும் வேண்டாம்.

‘நான்’ என்று தன்மையில் எழுதப்பட்ட போதை மாத்திரை அத்தியாயம்: நாவலின் ‘நான்’ நீங்கள் இல்லை, அதனால் அது வாக்குமூலம் ஆகாது. வெளியீட்டு விழாவில் மைக்கைப் பிடித்து “எல்லாம் நானே அனுபவிச்சது” என்று சொல்லாமல் இருந்தால் சரி. யார் விற்றார்கள் என்பது அடையாளம் தெரியும்படி இருக்கவே கூடாது, சட்டத்துக்காக மட்டுமில்லாமல் உங்கள் உடம்புக்காகவும். அத்தியாயத் தலைப்பில் போட்டிருக்கும் சினிமாப் பாட்டு வரிகளை எடுத்துவிடுங்கள், அவற்றுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பாட்டின் முதல் சொற்களைப் பெயராகக் குறிப்பிடலாம். டி.ஜே.வுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

புனைபெயர் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம், பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். பதிப்பாளரிடம் உங்கள் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கும், நீதிமன்றம் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஹோட்டல் ஒப்பந்தத்தின் ரகசியக் காப்புப் பிரிவு விருந்தினர் விவரங்களுக்கும் வியாபாரத் தகவல்களுக்கும் செல்லும். ஹோட்டலுக்காக நீங்கள் செய்த மிக்ஸ் அவர்களுடையதாக இருக்கலாம். வீட்டில் எழுதிய நாவல் டி.ஜே. வேலையின் பகுதி ஆகாது. “பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்கு” என்று வரி ஏதும் இருந்தால் அந்தப் பக்கத்தை ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டுங்கள். எச்.ஆரிடம் போய் இப்போதே அனுமதி கேட்காதீர்கள். இல்லாத சந்தேகத்தை நாமே கிளப்பக் கூடாது.

அந்தப் பாடகி

இவரைப் பற்றி உங்கள் கேள்விப் பட்டியலில் ஒரு கேள்வியும் இல்லை. “அவங்க கேஸ் எல்லாம் போட மாட்டாங்க” என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். போட மாட்டார் என்பது சரியாகக்கூட இருக்கலாம். போட்டால் யாருக்கும் தெரியாதது எல்லாருக்கும் தெரிந்துவிடுமே.

அதிகாலை மூன்றரைக்கு ஸ்டாஃப் வண்டியில், டிரைவருக்குக் கேட்காதபடி அவர் சொன்னதை நீங்கள் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். கால் சென்டரில் வேலை என்று வீட்டில் சொல்லியிருப்பது, வண்டியிலேயே மேக்கப்பைத் துடைத்துச் சுடிதாருக்கு மேல் அடையாள அட்டையை மாட்டிக்கொள்வது, அந்த அட்டை எந்தக் கம்பெனியுடையது என்பது வரை. நன்றாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் ஆபத்து. அவர் தங்கை படித்தால் போதும். இன்ஸ்பெக்டர் காட்சிக்கு நான் சொன்ன அதே 1994 தீர்ப்பு இவருக்கு நேர்மாறாக வேலை செய்யும்: தனிமனிதர் ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றை, உண்மையாகவே இருந்தாலும், அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது. பொது ஆவணத்தில் இருப்பது விதிவிலக்கு. வண்டியில் சொன்னது பொது ஆவணம் இல்லை.

நேரில் பாருங்கள், அந்த அத்தியாயங்களைப் படிக்கக் கொடுங்கள். எதை எடுக்கச் சொன்னாலும் எடுங்கள். சம்மதித்தால், நாவலுக்குச் சம்மதம், படத்துக்குச் சம்மதம் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். நாவலில் கௌரவமாக வரும் ஒரு பெண், திரைக்கதையில் எட்டாவது விவாத நாளில் ஒரு குத்துப்பாட்டாக மாறுவது உங்களுக்குத் தெரியாததா? அவர் வேண்டாம் என்றால் அந்தப் பாத்திரத்தை வேறு ஒருவராக்கி எழுதுங்கள். அடையாள அட்டையையும் விடுங்கள். நாவலின் ஆகச் சிறந்த வரி அதுதான் என்று எனக்கும் தெரிகிறது, இருந்தாலும் விட வேண்டும்.

வேலையை விடலாமா?

சட்டக் கேள்வி இல்லை, ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். விடாதீர்கள். நாவலுக்குப் பொதுவாக விலையில் 10 சதவீதம் ராயல்டி, அதிலும் பல பதிப்பகங்கள் கணக்கு அனுப்புவது எப்போதாவதுதான். சினிமாவில் பணம் தவணையில் வரும்: முன்பணம், முதல் வரைவு, படப்பிடிப்புத் தொடக்கம், முதல் பிரதி. கடைசித் தவணை வராமல் என் மேஜைக்கு வந்தவர்கள் ஏராளம். அதனால் பெரிய பங்கை படப்பிடிப்புத் தொடங்கும் முன்பே வாங்கிக்கொள்ளும்படி ஒப்பந்தம் போடுங்கள். சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்துகொண்டே எழுதினார். ஜெயமோகன் தொலைபேசித் துறையில் இருந்தபடியே சினிமாவுக்குள் வந்தார். பாலகுமாரன் ஒரு டிராக்டர் கம்பெனி ஊழியர். மாதச் சம்பளம் இருப்பவரால்தான் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்டால் “அடுத்த வாரம் பார்க்கலாம் சார்” என்று சொல்ல முடியும்.

அதனால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள். அதற்கு முன்பே இயக்குநருக்கு இந்தச் செய்தியை அனுப்புங்கள்: “வணக்கம் சார். நான் எழுதி உங்களுக்கு அனுப்பிய 12 பக்கக் கதைச் சுருக்கம் தொடர்பான ஒப்பந்த வரைவு கிடைத்தது. முன்பணமாக ரூ.50,000 பெற்றிருக்கிறேன். என் நாவலின் திரைப்பட உரிமையை மட்டும் தருவதாகவும், டைட்டிலில் ‘கதை’ என்று என் பெயர் வருவதாகவும் திருத்திய வரைவை என் வழக்கறிஞர் அனுப்புவார். படத்தில் சேர்ந்து வேலை செய்ய ஆவலாக இருக்கிறேன்.” கோபம் வேண்டாம், ஸ்மைலியும் வேண்டாம். எழுதியது நீங்கள், பெற்றது எவ்வளவு, கொடுக்கப்போவது எது என்ற மூன்றும் அதில் பதிவாகிவிடுகிறது. அவர்கள் மறுக்காமல் “ஓகே பிரதர், பேசலாம்” என்று ஒரு வரி போட்டாலும் உங்களுக்குப் பயன்படும், அழித்துவிடாதீர்கள். போனில் கூப்பிட்டால் பேசிவிட்டு, பேசியதைச் சுருக்கமாகத் திரும்ப எழுதி அனுப்புங்கள். பதிப்புரிமை அலுவலக விண்ணப்பத்தைச் செய்தி அனுப்பும் முன்பே போட்டுவிடுங்கள், விண்ணப்ப எண் வந்தால் போதும்.